அளவுகோல் எவர் கையில்?

மருத்துவ வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் கண்டுபிடிப்பாளரின் பெயர்களைக் கோத்து மாலையாக்குவதோடு அமைந்துவிடுகின்றனர். இன்ன ஆண்டில் இன்னார் இம்மருந்தைக் கண்டார், இன்ன ஆண்டில் இன்னார் இக்கருவியை ஆக்கினார் என்பதோடு கதை முடிந்துவிடுகிறது. அக்கருவி எவர் கையில் இருந்தது, அது காட்டிய எண்ணைப் பார்க்கும் உரிமை எவருக்கு இருந்தது என்னும் வினாக்கள் எழுவதேயில்லை. மன்னர்களின் பட்டியலை நாட்டு வரலாறென்று கற்பித்த காலம் ஒன்று இருந்தது. வகுப்பறையில் அதனை மாற்ற நாம் இன்றும் பாடுபட்டுக்கொண்டிருக்கிறோம். மருத்துவத்திலோ அந்தப் பட்டியல் பெரிதும் அசையாமலே கிடக்கிறது.

சலரோகம் என்று நம்மவர் நெடுங்காலமாக வழங்கிவந்த நீரிழிவை, அதிலும் இன்சுலினின்றி உயிர்வாழ இயலாத முதலாம் வகை நீரிழிவை, எடுத்துக்கொண்டு இவ்வினாவை ஆராய்வோம். இந்நோயில் நோயாளியே தனக்கு வைத்தியனாகவும் இருக்கவேண்டியுள்ளது. உண்ட சோற்றையும் ஓடிய ஓட்டத்தையும் கணக்கிட்டு மருந்தின் அளவைத் தீர்மானிப்பவரும் ஊசியைக் குத்துபவரும் அவரே. சிறு பிள்ளையாயின் தாயோ தகப்பனோ. டொக்டரைக் காண்பது மாதத்தில் ஒரு நாள் இருக்கலாம். ஏனைய நாட்களில் அளவு கூடினால் மயக்கமும் வலிப்பும், சில வேளை மரணமும். குறைந்தால் கண்ணும் சிறுநீரகமும் மெல்ல மெல்ல அழியும். இத்தகைய பொறுப்பைச் சுமப்பவருக்கு, தமது உடம்பில் ஓடும் சீனியின் அளவை அறியும் வழி மிக நீண்ட காலம் இருக்கவில்லை என்பதே நாம் முதலிற் கவனிக்கவேண்டியது.

கனடாவின் ரொறன்ரோ நகரில் 1922ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் லெனாட் தொம்சன் என்னும் பதினான்கு வயதுச் சிறுவனுக்கு இன்சுலின் முதன்முதலாக ஏற்றப்பட்டது. அதுவரை பட்டினி போட்டுச் சில மாதங்களோ ஆண்டுகளோ உயிரைத் தள்ளிப்போடுவதே வைத்தியமாக இருந்தது. மறு ஆண்டில் பான்ரிங்கும் பெஸ்டும் கொலிப்பும் தமது ஆக்கவுரிமையை ஆளுக்கு ஒரு டொலருக்கு ரொறன்ரோப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தனர். அந்த ஒரு டொலரைப் பற்றிப் பிறகு பேசுவோம்.

மருந்து கிடைத்தது, அளவுகோல் கிடைக்கவில்லை. பொஸ்ரன் நகரத்து எலியட் ஜோஸ்லின் என்னும் மருத்துவர் 1918இலேயே வைத்தியருக்கும் நோயாளிக்கும் பொதுவான கைந்நூல் ஒன்றை எழுதி, நோயாளிக்குக் கற்பிப்பதே சிகிச்சை என்று வற்புறுத்தியவர். அவரிடம் கற்றோரும் தம் வீட்டில் சோதித்தது இரத்தத்தை அன்று, சிறுநீரையே. பெனடிக்ற் கரைசலில் சில துளி சிறுநீரை விட்டுக் கொதிக்கவைத்தால் நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, சீனி மிகுந்தால் செங்கல் நிறமாகும். நமது பாடசாலை ஆய்வுகூடங்களில் மாணவர் இன்றும் செய்யும் சோதனைதான். 1941இல் இக்கரைசல் மாத்திரையாயிற்று. 1956இல் தோய்த்தெடுத்துப் பார்க்கும் பட்டியாயிற்று. வசதி பெருகியது, செய்தி மாறவில்லை. சிறுநீர் சொல்வது சில மணி நேரத்துக்கு முந்திய கதை. அதிலும் இரத்தத்தில் சீனி ஓர் எல்லையைத் தாண்டிய பின்னரே சிறுநீரில் அது தோன்றும். சீனி இறங்கிக்கொண்டே போகும் நள்ளிரவில், உயிருக்கு உடனடி ஆபத்து நேரும் அந்த வேளையில், சிறுநீர்க் குழாய் நீலமாக, எல்லாம் நலமென்பதுபோல் நிற்கும்.

1960களின் நடுப்பகுதியில் ஒரு துளி இரத்தத்தைச் சோதிக்கும் பட்டி வந்தது. 1970ஐ ஒட்டி, அப்பட்டியின் நிறத்தை அளந்து எண்ணாகக் காட்டும் கருவியொன்றை அமெரிக்காவின் ஏம்ஸ் கம்பனி ஆக்கியது. அது ஆசுபத்திரிகளுக்கும் வைத்தியர்களுக்கும் என்றே ஆக்கப்பட்டது, நோயாளிக்கு விற்கப்படுவதில்லை.

இங்கேதான் றிச்சட் பேண்ஸ்ரின் என்பவர் வரலாற்றுக்குள் நுழைகிறார். பன்னிரண்டு வயதில் இந்நோய்க்கு ஆளாகி, முப்பதுகளின் நடுவிலேயே சிறுநீரகம் முதலாகப் பல உறுப்புக்கள் பழுதடையக் கண்ட பொறியியலாளர். 1969இல் ஆய்வுகூடத் தொழில் ஏடொன்றில் அவர் ஒரு விளம்பரத்தைக் கண்டார். இரவில் ஆய்வுகூடம் பூட்டியிருக்கும்போது, நினைவின்றிக் கொண்டுவரப்படுபவர் குடிகாரரா, சலரோகியா என்று பிரித்தறிய உதவும் கருவி என்று அது கூறிற்று. அவர் தரும் விவரப்படி, விலை ஏறத்தாழ 650 டொலர். அக்காலத்து அமெரிக்கத் தொழிலாளி ஒருவரின் ஒரு மாதச் சம்பளத்திலும் அதிகம். பணம் கொடுக்க அவர் ஆயத்தமாயிருந்தும் கம்பனி மறுத்துவிட்டது. அவர் வைத்தியர் அல்லர். ஆனால் அவர் மனைவி வைத்தியர். அவர் பெயரில் கருவி வாங்கப்பட்டது.

பேண்ஸ்ரின் நாளொன்றுக்குப் பல தடவை தமது இரத்தத்தைச் சோதித்தார். ஒரு பொறியியலாளன் இயந்திரத்தை ஆராய்வதுபோல், எந்த உணவு எவ்வளவு உயர்த்துகிறது, எத்தனை அலகு இன்சுலின் எவ்வளவு இறக்குகிறது என்று குறித்துக்கொண்டே வந்தார். காலப்போக்கில் உடல் தேறியது. தாம் கண்டதைக் கட்டுரையாக எழுதி மருத்துவ ஏடுகளுக்கு அனுப்பினார், அவை ஏற்கவில்லை. நோயாளி சொல்வதை எவரும் கேளார் என்று கண்டதும், தமது நாற்பத்தைந்தாம் வயதில் மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து டொக்டரானார். அவர் காலமானது 2025இல், தொண்ணூறாம் வயதில். உணவைப் பற்றி அவர் பிற்காலத்தில் வற்புறுத்திய கடுமையான முறைகளைப் பலர் ஒப்புவதில்லை. அது வேறு வழக்கு. தன் உடம்பைத் தானே அளந்த நோயாளியின் குரல் ஏறுவதற்குப் பட்டம் ஒன்று தேவைப்பட்டது என்பதே நமது வழக்கு.

1978இல் இங்கிலாந்தில், லண்டனிலும் நொற்றிங்ஹாமிலும், வைத்தியர்கள் நோயாளிகளை வீட்டிலேயே இரத்தத்தைச் சோதிக்கவிட்டு, பெரும்பாலோர் அதனைச் செவ்வனே செய்கின்றனர், சீனியும் கட்டுப்படுகிறது என்று லான்செற் ஏட்டில் எழுதினர். 1983இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் தொடங்கிய பேராய்வு 1,441 பேரை ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்து, 1993இல் முடிவை வெளியிட்டது. அடிக்கடி அளந்து அதற்கேற்ப இன்சுலின் ஏற்றியோரிடம் கண்நோய் ஏற்படும் அபாயம் 76 வீதம் குறைந்தது. வழக்கு ஒருவாறு தீர்ந்தது எனலாம். ஆயின் அதே ஆய்வு இன்னொன்றையும் கூறிற்று: இவ்வாறு கட்டுப்படுத்தியோருக்குச் சீனி அபாயமாகத் தாழ்ந்துபோவது மும்மடங்காயிற்று. கண்ணைக் காப்பாற்றப் போனால் நள்ளிரவில் உயிருக்கு ஆபத்து. பிள்ளையின் கட்டிலருகே இரவு இரண்டு மணிக்கு மின்விளக்குடன் குனிந்து விரல்நுனியைக் குத்திப் பார்க்கும் தாய்மார் இந்த இடத்தில்தான் தோன்றுகின்றனர். அவர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை.

தோலின் கீழ் நுண்கம்பியைச் செருகி ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை சீனியை அளக்கும் கருவி அமெரிக்காவில் 1999இல் அனுமதி பெற்றது. நாளொன்றுக்கு 288 எண்கள். மூன்று நாட்கள் நோயாளி அதனைச் சுமந்து திரிவார். ஆனால் ஓர் எண்ணையேனும் அவர் காணமுடியாது! கருவி எண்களை உள்ளே பூட்டிவைத்துக்கொள்ளும். வைத்தியசாலையில் கணினியோடு இணைத்து வைத்தியரே அவற்றைப் படிப்பார். அன்றைய கருவியின் துல்லியம் குறைவு, அதை நம்பி மருந்தேற்றுவது ஆபத்து என்பதில் நியாயம் உண்டு, மறுக்கவில்லை. எனினும் தன் தசைக்குள் இருக்கும் கம்பி சொல்வதைத் தானே அறியமுடியாத மனிதனின் நிலையை எண்ணிப் பார்க்கும்போது, பேண்ஸ்ரினுக்குக் கிடைத்த மறுப்பு முப்பது ஆண்டுகளின் பின் புதிய உடையில் வந்ததுபோலவே நமக்குத் தோன்றுகிறது.

2006ஐ ஒட்டிய ஆண்டுகளில் எண்கள் நோயாளியின் கண்ணுக்கு வந்தன. பிள்ளையின் சட்டைப்பையில் கிடக்கும் சிறு பெட்டியில் அவை தோன்றும். அப்பெட்டிக்கும் கம்பிக்கும் இடையே சில அடி தூரமே இருக்கலாம். பிள்ளை பாடசாலையில், தகப்பன் வேலைத்தலத்தில்.

நியூயோர்க் மாநிலத்தவரான ஜோன் கொஸ்ரிக் ஒரு மென்பொருள் பொறியியலாளர். 2012இல் அவரது நான்கு வயது மகனுக்கு இந்நோய் கண்டது. மறு ஆண்டில் பிள்ளைக்கு இக்கருவி கிடைத்தபோது, பெட்டியிலிருந்து கணினிக்குப் போகும் கம்பிவழி எண்கள் எந்த முறையிற் பாய்கின்றன என்பதை அவர் தாமே ஆராய்ந்து கண்டறிந்தார். பெட்டியைக் கைத்தொலைபேசியொன்றோடு இணைத்து எண்களை இணையத்துக்கு அனுப்பினார். மகனின் சீனியை வேலைத்தலத்திலிருந்தே பார்த்தார். கம்பனியிடம் அனுமதி கேட்கவுமில்லை, பெறவுமில்லை. இதனை 2013இல் அவர் வெளியே சொன்னதும், வேறு பெற்றோர் தமக்கும் வேண்டுமென்று வந்தனர். அவ்வாறு வந்தவருள் ஒருவர் லேன் டெஸ்பறோ. இந்நோயுள்ள பிள்ளையின் தகப்பன், தாமே ஒரு மருத்துவக் கருவிக் கம்பனியின் பொறியியலாளர். பலரும் கூடித் திருத்திய அந்த நிரலுக்கு ‘நைற்ஸ்கவுற்’, அதாவது இராக்காவலன், என்ற பெயர் அமைந்தது. எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம், விலையில்லை. 2013 நவம்பரில் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தில் நடந்த கூட்டமொன்றில் ‘நாம் காத்திருக்கப்போவதில்லை’ என்பது இவர்களின் முழக்கமாயிற்று. சில ஆண்டுகளுக்குள் பல நாடுகளில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இதனைப் பயன்படுத்தின. கணினியைத் தொட்டறியாத தாய்மாருக்கு முன்பின் அறியாத எவரோ ஒருவர் இரவிரவாகத் தொலைபேசியில் இருந்து படிப்படியாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். 2015 ஜனவரியில்தான் கம்பனியின் சொந்தத் தொலைபார்வை முறைக்கு அரசாங்க நிருவாகத்தின் அனுமதி கிடைத்தது.

சியற்றில் நகரத்து டேனா லூயிஸின் கதை இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. தனியே வசித்த அவர், கருவியின் எச்சரிக்கை மணி தம்மை உறக்கத்திலிருந்து எழுப்பாமற் போய்விடுமோ என்று அஞ்சினார். மணியை உரக்கச் செய்யும்படி அவர் கேட்டும் பயன் கிட்டவில்லை. கொஸ்ரிக்கின் நிரல் வந்ததும் தம் எண்களைத் தாமே எடுத்து, உரத்த மணியை அமைத்துக்கொண்டார். பின்னர் ஸ்கொட் லைப்ராண்டுடன் சேர்ந்து, வரப்போகும் ஏற்ற இறக்கத்தை முன்கூட்டிக் கணிக்கும் முறையொன்றை ஆக்கினார். பென் வெஸ்ற் என்பவர் இன்சுலின் பம்பின் மொழியை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து அவிழ்த்திருந்தார். இவையெல்லாம் ஒன்றிணைந்தபோது, சீனியை அளந்து இன்சுலினைத் தானே கூட்டிக் குறைக்கும் செயற்கைக் கணையம் ஒன்று உருவாயிற்று. அதன் திட்டத்தை 2015இல் எவரும் செய்துகொள்ளும்படி பகிரங்கமாக்கினர். கம்பனிகளின் முதலாவது அத்தகைய கருவிக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2016 செப்ரெம்பரில். லூயிஸ் கணினித்துறைப் பட்டதாரி அல்லர் என்பதையும் சொல்லிவைப்போம்.

இதில் ஒரு முரண் உண்டு. பழைய பம்புகள் வெளியாரின் வானொலிக் கட்டளைக்கும் பணியும் பாதுகாப்புக் குறை உடையவை. அந்த ஓட்டையே இவர்களுக்கு வாசலாயிற்று. 2019இல் அரசாங்க நிருவாகம் அப்பம்புகளைப் பற்றி எச்சரித்தது. அனுமதி பெறாத இணைப்புக்களைப் பற்றியும் எச்சரித்தது. அவ்வச்சத்தை நாம் எள்ளவில்லை. தவறான எண் உயிரைக் கொல்லும். ஆனால் நியூசிலாந்தில் 97 பேரிடம், அவருட் பாதிப்பேர் பிள்ளைகள், இத்தகைய திறந்த நிரலைக் கொண்டு நடத்திய ஆய்வு 2022இல் வெளிவந்தது. நிரலைப் பயன்படுத்தியோரின் சீனி நாளில் 71 வீத நேரம் உரிய எல்லைக்குள் நின்றது. மற்றவருக்கு 54 வீதமளவே. பெற்றோரும் நோயாளரும் ஆக்கியதை மருத்துவம் இறுதியில் தன் முறைப்படியே அளந்து பார்த்தது.

இவ்வளவையும் போற்றிவிட்டு நாம் நிறுத்திக்கொண்டால் அது அரைவாசி வரலாறு. பேண்ஸ்ரினுக்கு வைத்தியரான மனைவியும் கையிற் பணமும் இருந்தன. கொஸ்ரிக்குக்குத் தொழில்நுட்பக் கல்வியும் விலையுயர்ந்த கருவியும் இருந்தன. பூட்டை உடைத்தவர்கள் பூட்டின் அருகிலேனும் நிற்கக் கூடியவர்கள். ஒரு டொலருக்குக் கைமாறிய இன்சுலினையோ உலகச் சந்தையில் மூன்று கம்பனிகள் பெரும்பாலும் தமக்குள் வைத்திருக்கின்றன. அமெரிக்காவிலேயே அதன் விலைக்கு அஞ்சி அளவைக் குறைத்து ஏற்றிக்கொண்டு உயிரிழந்தோர் உண்டு. அக்கண்டனக் குரல்கள் வலுத்த பின்னரே 2023இல் விலைகள் இறக்கப்பட்டன. எண்ணைக் காணும் உரிமை ஒன்று. அதற்கேற்ற மருந்தை வாங்கும் வலிமை வேறொன்று. முன்னதைப் பற்றிப் பேசுவோர் பின்னதைப் பற்றிப் பேசக் கூச்சப்படுவதேன் என்பது நமக்கு விளங்கவில்லை.

நாம் கற்பிக்கும் பாடசாலையில் எட்டாம் வகுப்பில் இந்நோயுள்ள மாணவி ஒருத்தி இருக்கிறாள். சென்ற தவணை அவள் வகுப்பில் சோர்ந்து சாய்ந்தபோது தாயாரை அழைத்திருந்தோம். அவர் கையோடு கொண்டுவந்தது கணக்குப் பாடத்துக்குரிய சதுரக்கோட்டுக் கொப்பி. தாமே கட்டம் பிரித்து, காலை, மதியம், இரவு என்று தலைப்பிட்டு, எண்களை நேர்த்தியாக எழுதியிருந்தார். எந்த எண்ணுக்கு எத்தனை அலகு என்பதைக் கிளினிக்கில் சொல்லக் கேட்டுப் பின்னட்டையில் குறித்தும் வைத்திருந்தார். இன்சுலின் அரசாங்க ஆசுபத்திரியில் இலவசமாகக் கிடைக்கிறது. சோதனைப் பட்டியைக் கடையில் வாங்கவேண்டும். ஒவ்வொரு மாதமும் இருபதாந் திகதிக்குப் பின் கட்டங்கள் வெறுமையாகவே கிடந்தன. ஏன் எழுதவில்லை என்று கேட்டோம்.

“ஸ்ரிப் முடிஞ்சு போச்சு, சேர். சம்பளம் வந்தாப்பிறகுதான்” என்றார்.