நாகசுவர விரலடி

விரலடி என்பது, நாகசுவரக் குழலின் மேற்புறத்துள்ள ஏழு துளைகளை விரல்களால் மூடியும் திறந்தும், வேண்டுமிடத்துப் பகுதியாக மட்டும் திறந்தும் சுவரங்களைப் பிறப்பிக்கும் முறையாகும். ஏழே துளைகளைக் கொண்டு பன்னிரண்டு சுவரஸ்தானங்களையும், அவற்றினிடையே உலவும் கமகங்களையும் பேசவைக்க வேண்டியிருத்தலின், வித்துவான்களின் திறமைக்கு விரலடியே உரைகல்லாக இருந்து வந்துள்ளது.

தமிழ்நாட்டுத் துளைக்கருவிகளில் விரல் வைக்கும் முறைக்குப் பழைய சான்று, சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு அடியார்க்கு நல்லார் வரைந்த உரையில் உள்ளது. இடக்கையில் பெருவிரலும் சிறுவிரலும் நீங்கிய மூன்று விரல்களும், வலக்கையில் பெருவிரல் நீங்கிய நான்கு விரல்களும் ஏழு துளைகளின்மேல் அமர வேண்டுமென்று வங்கியம் என்னும் குழலுக்கு அவர் விதி கூறுகிறார். நாகசுவரத்தில் இன்று வழங்கும் பகுப்பும் இதுவே.

அயர்லாந்து நாட்டின் இல்லன் பைப் என்னும் துருத்திக் குழலில், இயல்பான வரிசைக்குப் புறம்பான சுவரங்களுக்கென்று உலோகச் சாவிகளைப் பொருத்துவர். கிளாரினெட்டும் சாவிகளை உடையதே. நாகசுவரத்தில் சாவி கிடையாது. விரல் நுனியின் சதை துளையின் விளிம்பைச் சிறிதளவே விட்டு விலக, உதடுகள் சீவாளி என்னும் ஊதுநாக்கை இறுக்கியும் தளர்த்தியும் மூச்சின் வேகத்தை அளந்துதவ, இடைப்பட்ட சுவரம் தோன்றுகிறது. தோடி ராகத்தின் காந்தாரத்தை அசைக்கும்போது விரல் துளையின்மேல் உருண்டு மீளுமேயன்றித் துள்ளி எழுவதில்லை. துள்ளி எழுமாயின் சுவரங்கள் தனித்தனியே தெறித்து, ராகத்தின் சாயை கெட்டுவிடும். சாவியுள்ள கிளாரினெட்டிலும் இத்தகைய கமகங்களை வாய்ப்பாட்டின் சாயலோடு வாசித்துக் காட்டிய ஏ. கே. சி. நடராஜன் 2008ஆம் ஆண்டில் சங்கீத கலாநிதி விருது பெற்றார்.

தஞ்சை வட்டாரம் இக்கலையின் தலைமை நிலமாயினும், நாகசுவரமும் தவிலும் கூடிய பெரிய மேளம் தமிழகத்துக் கோயில்தோறும் பரவி நின்றது. திண்டிவனத்திற்கும் விழுப்புரத்திற்கும் இடையே கூட்டேரிப்பட்டை அடுத்துள்ள மயிலம் மலை முருகன் கோயில் போன்ற தலங்களில், திறந்த வெளியில் சுவாமி புறப்பாட்டின் முன் வாசிப்பதற்கு, குறுகிய குழலும் உரத்த ஓசையும் உடைய திமிரியே பொருத்தமாயிருந்தது. ஆயினும் அதில் சுத்த மத்யமம் தூய்மையாக ஒலிப்பது அரிதாதலின், வாசிப்பவர் அக்குறையை விரலாலும் மூச்சாலும் ஈடு செய்ய நேர்ந்தது.

தோடி ஆலாபனையால் பெரும்புகழ் எய்திய திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956), நீண்ட குழலும் தாழ்ந்த சுருதியும் உடைய பாரியைக் கச்சேரி மேடையில் நிலைநிறுத்தினார். நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரி 1955இல் சுத்த மத்யமம் செவ்வனே அமைந்த பாரியைச் செய்தளித்தபோது, விரல்கள் சுமந்திருந்த பாரத்தின் ஒரு பகுதியைத் துளையின் அளவும் இடமும் ஏற்றுக்கொண்டன. அதற்கு ஈடாக, அகன்ற இடைவெளிகளுக்கேற்ப விரல்களை விரித்து வைக்கும் சாதகம் இன்றியமையாததாயிற்று. திமிரிக்குப் பழகிய கை பாரிக்கு மாறும்போது முதலில் தடுமாறுவது இதனாலேயே.

நரசிங்கம்பேட்டை நாகசுவரம் 2022ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. ஆச்சா மரத்தைக் கடைந்து துளையிடும் கைவினைக்கு இது தக்க காப்பேயாகும். எனினும் துளை சுவரத்தின் இருப்பிடத்தை மட்டுமே வகுக்க, அதன் அசைவையும் உயிரையும் குருவின் அருகிலிருந்து கற்ற விரலே தருவதால், குழல் செய்யும் பட்டறைகளுக்குக் கிட்டும் ஆதரவு, விரலடியைப் பயிற்றும் ஆசிரியர்களுக்கும் மாணாக்கர்களுக்கும் குறைவின்றிக் கிட்டுதல் வேண்டும்.