‘கண்ணைப் பார்த்தே கண்டுபிடிச்சிடுவேன்!’ - காதலில் இந்த நம்பிக்கை சரியா?

“அவன் பொய் சொன்னா கண்ணைப் பார்த்தே கண்டுபிடிச்சிடுவேன்!” காதலிக்கும் பலரும் அடித்துச் சொல்லும் வசனம் இது. ஆனால், உளவியல் ஆய்வுகள் வேறு மாதிரி சொல்கின்றன.

பூவா, தலையா?

பொய்யைக் கண்டுபிடிப்பது பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து, அமெரிக்க உளவியலாளர்கள் சார்லஸ் பாண்ட், பெல்லா டிபாலோ இருவரும் 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். எது உண்மை, எது பொய் என்று மக்கள் சரியாகச் சொன்னது சராசரியாக 54 சதவிகிதம்தான். காசைச் சுண்டிப்போட்டாலே 50 வந்துவிடும்!

‘அதெல்லாம் தெரியாதவங்ககிட்ட... எனக்கு அவனை நல்லாத் தெரியுமே?’ என்கிறீர்களா? சிக்கலே அங்கேதான். ஸ்டீவன் மெக்கார்னாக், மால்கம் பார்க்ஸ் இருவரும் 1986-லேயே இதை ஆராய்ந்தார்கள். நெருக்கம் கூடக் கூட ‘எனக்குத் தெரியும்’ என்ற தன்னம்பிக்கை கூடுகிறது. கூடவே, ‘என் ஆள் சொல்றது உண்மைதான்’ என்ற முன்முடிவும் கூடுகிறது. கண்டுபிடிக்கும் திறன் கூடுவதில்லை.

எந்தப் பொய் ஆபத்து?

கட்டிலில் படுத்துக்கொண்டே ‘ஆன் த வே’ என்று மெசேஜ் தட்டுவது ஒரு ரகம். முந்தைய திருமணம், பெரிய கடன், வேலை போனது போன்றவற்றை மறைப்பது வேறு ரகம். பிரித்துப் பார்க்க ஒரே கேள்வி போதும்: ‘இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா, என் முடிவு மாறியிருக்குமா?’

சட்டத்தின் பார்வையும் கிட்டத்தட்ட இதுதான். வாழ்க்கைத்துணை பற்றிய முக்கியமான உண்மையை மறைத்து, மோசடியாகச் சம்மதம் வாங்கியிருந்தால், இந்து திருமணச் சட்டம் 1955-ன் 12-வது பிரிவில் திருமணத்தை ரத்து செய்யக் கோரலாம். ஆனால், மோசடி தெரியவந்த 1 வருடத்துக்குள் மனு போட வேண்டும். தெரிந்த பிறகும் விரும்பிச் சேர்ந்து வாழ்ந்திருந்தால் இந்த வழி அடைபட்டுவிடும்.

என்ன செய்யலாம்?

* போனை நோண்டாதீர்கள், நேராகக் கேளுங்கள். ‘உனக்குக் கடன் ஏதாவது இருக்கா?’ என்று கேட்பதில் தப்பே இல்லை.

* திருமணம் வரை போகும் உறவு என்றால் வேலை, படிப்பு, குடும்பம் பற்றிய தகவல்களை இருவருமே சரிபார்த்துக்கொள்ளுங்கள். அது சந்தேகம் அல்ல, ஜாக்கிரதை.

* கஷ்டமான உண்மையைச் சொன்னால், அந்த நிமிடமே வெடிக்காதீர்கள். உண்மைக்குத் திட்டு விழுந்தால், அடுத்த முறை பொய்தான் வரும்.

* கேட்கும் கேள்விகளுக்கு நீங்களும் பதில் சொல்லத் தயாராக இருங்கள்.

கண்ணைப் பார்த்துக் காதலிக்கலாம். முடிவெடுக்கும்போது மட்டும் வாயைத் திறந்து கேட்டுடுங்க பாஸ்!