நூலில் தொங்கிய முட்டைக்கோஸ்

1600 வாக்கில் ஸ்பெயினின் தொலேதோ நகரத்தில் ஓவியருக்குச் சோறு போட்டது தேவாலயம்தான். ஹுவான் சான்செஸ் கோட்டானும் மாதாவையும் புனிதர்களையும் வரைந்துதான் பேர் எடுத்தார். இடையில் தாடி வளர்ந்த ஒரு பெண்ணைக்கூட வரைந்திருக்கிறார். ஆனால் நாற்பதைத் தாண்டிய பிறகு அவருடைய தூரிகை எவரும் எதிர்பாராத இடத்தில் போய் நின்றது: உக்கிராண அறையில்.

காய்கனிகளை நூலில் கட்டித் தொங்கவிடுவது அக்கால ஸ்பெயின் வீடுகளில் வழக்கம். நாலாபுறமும் காற்றுப் பட்டால் சீக்கிரம் அழுகாது. கோட்டான் ஒரு கல் மாடத்தை வரைந்தார். அதற்குப் பின்னால் கும்மிருட்டு. இடப்பக்க உச்சியில் நூலில் ஒரு சீமைமாதுளை, சற்றுத் தாழ முட்டைக்கோஸ், கீழே திட்டில் வெட்டிய முலாம்பழம், விளிம்பைத் தாண்டி மூக்கை நீட்டும் வெள்ளரிக்காய். நான்கும் ஒரே வளைவில் வழுக்கி இறங்கின. மனிதர் இல்லை, கதை இல்லை, படத்தில் பெரும்பகுதி வெறும் கறுப்பு. என்ன துணிச்சல்! அதே மாடத்தில் இன்னும் சில படங்கள் பிறந்தன. 1603இல் திடீரென்று பட்டறை மூடப்பட்டது.

கோட்டான் துறவியாகப் போய்விட்டார். உயில் எழுதிவைத்துவிட்டுக் கர்த்தூசியன் சபையில் சகோதரராகச் சேர்ந்தார். மௌனமே விரதம், புலால் அறவே கிடையாது. முட்டைக்கோஸை அவ்வளவு பக்தியாக வரைந்தவர் வேறெங்கே போயிருக்க முடியும்? கிரனாடா மடத்தில் மறுபடியும் புனிதர்களுக்கே திரும்பினார். உணவுக்கூடச் சுவரில் அவர் தீட்டிய சிலுவையை நிஜ மரமென்று நம்பிப் பறவைகள் உட்காரப் பார்த்ததாகக் கதை பரவியது. 1627இல் அவர் காலமானார். அதற்குள் அந்தக் கல் மாடத்தை வேறொருவர் எடுத்துக்கொண்டிருந்தார்.

மத்ரீது ஓவியர் ஹுவான் வான் டெர் ஹாமென் 1620களில் அதே மாடத்தில் தம் பழங்களைத் தொங்கவிட்டார். 1633இல் சுர்பரான் என்ற ஓவியர் எலுமிச்சைகளையும் ஆரஞ்சுக் கூடையையும் ஒரு ரோஜாவையும் இருட்டின் முன் வரிசையாக வைத்தார். புனிதர்களின் காலடியில் கிடந்த பழத்துக்கு ஸ்பெயினில் தனிச் சட்டகம் கிடைத்தது. கோட்டானின் முட்டைக்கோஸ் படமோ பிற்பாடு அட்லாண்டிக்கைத் தாண்டியது.

சாப்பாட்டு அறைச் சுவர்களில் மாட்டுகிறார்களே பழப் படங்கள், அவற்றின் ஸ்பானியப் பாட்டனார் இப்போது இருப்பது கலிஃபோர்னியாவின் சான் டியேகோ அருங்காட்சியகத்தில். 1945இல் புட்னம் சகோதரிகள் கொடுத்த நன்கொடை. அதற்கு அங்கே வைத்திருக்கும் பெயர் ‘சீமைமாதுளை, முட்டைக்கோஸ், முலாம்பழம், வெள்ளரிக்காய்’. விலையை மட்டும்தான் எழுதவில்லை.