கிமோனோ

கிமோனோ ஜப்பானியரின் மரபுடை. ஆண், பெண் இருபாலரும் உடுத்துவது. முன்பக்கம் முழுவதும் திறந்திருக்கும். வலப்புறத்தை உள்ளே விட்டு, இடப்புறத்தை அதன்மேல் போர்த்தி, ஒபி என்னும் பட்டையை இடுப்பில் சுற்றிக் கட்டுவார்கள். இடப்புறம் மேலே வரும் இந்த முறை 719-ஆம் ஆண்டிலேயே அரச ஆணையாக வந்துவிட்டது. வலப்புறம் மேலே வரும்படி உடுத்துவது இறந்தவர்களுக்கு மட்டுமே.

ஏறத்தாழ 36 முதல் 38 செ.மீ. அகலமும் 12 மீட்டர் நீளமும் உள்ள ஒரே சுருள் துணியிலிருந்து ஒரு கிமோனோ தைக்கப்படுகிறது. கத்தரி நேர்கோட்டில் மட்டுமே ஓடும். கைக்கு இரண்டு, உடலுக்கு இரண்டு, முன் விளிம்புகளுக்கு இரண்டு, கழுத்துப்பட்டைக்கு இரண்டு என எட்டுத் துண்டுகள். உடல் துண்டு ஒவ்வொன்றும் முன்பக்கக் கீழ்விளிம்பில் தொடங்கித் தோளைக் கடந்து பின்பக்கக் கீழ்விளிம்பு வரை போவதால் தோளில் தையலே கிடையாது. மிஞ்சும் அகலத்தை வெட்டி எறியாமல் தையலுக்குள்ளேயே மடித்து வைத்துவிடுவார்கள். பழசானால் தையலைப் பிரித்து, துண்டுகளை மறுபடி ஒரே நீளத் துணியாக இணைத்து, அலசி, கஞ்சி போட்டு, இழுத்துக் காயவைத்து மீண்டும் தைப்பது வழக்கம். வேண்டுமானால் அப்போதே வேறு சாயமும் ஏற்றலாம். ஆகவே தாயின் உடை மகளின் அளவுக்கு மாறுவதில் சிரமமில்லை. இவ்வளவு சிக்கனமான தையல் அரிது.

ஹெயன் காலத்து (794–1185) அரண்மனைப் பெண்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல அடுக்கு அங்கிகளை அணிந்தனர். கழுத்திலும் கை விளிம்பிலும் தெரியும் நிற அடுக்குகள் பருவத்துக்குப் பொருந்துகின்றனவா என்பதை வைத்தே ஒருவரின் ரசனை அளக்கப்பட்டது. அந்த அடுக்குகளுக்கு அடியில் இருந்த எளிய உள்ளுடைதான் கொசோதே. போர்வீரர்கள் ஆட்சிக்கு வந்தபின் மேலடுக்குகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. முரோமாச்சி காலத்தில் கொசோதே வெளியுடையாகிவிட்டது. இன்றைய கிமோனோ அதன் நேர் வாரிசு. ‘கிமோனோ’ என்ற பெயர் பரவலானது மேலைநாட்டு உடை நுழைந்த மெய்ஜி காலத்தில்தான்.

வடிவம் ஏறக்குறைய நிலைத்துவிட்டதால், புதுமை முழுவதும் துணியின் பரப்பில் நிகழ்ந்தது. எடோ காலத்தில் (1603–1868) பணம் வணிகர்களிடம் சேர்ந்தது. அவர்கள் சாமுராய்களைவிட ஆடம்பரமாக உடுத்தத் தொடங்கியதும் அரசு தடைச் சட்டங்களைக் கொண்டுவந்தது. 1683-ஆம் ஆண்டு ஆணை, பெண்களின் கொசோதேயில் பொன்னிழை வேலை, பூத்தையல், உடல் முழுதும் நெருக்கமாக முடிச்சிட்டுச் சாயமேற்றுதல் ஆகியவற்றைத் தடுத்தது. அப்போது கியோட்டோவில் விசிறி ஓவியராகப் புகழ்பெற்றிருந்த மியாசாகி யூசென்சாயின் பாணி துணிக்கு வந்தது. அவர் பெயராலேயே அது யூசென் எனப்படுகிறது. கூம்பு முனையிலிருந்து அரிசிப் பசையை நூலளவு மெல்லிய கோடாகப் பிழிந்து உருவரை போடுவார்கள். பசைக் கோடு சாயம் பரவாமல் தடுக்க, அதற்குள் தூரிகையால் வண்ணம் தீட்டுவார்கள். ஆவியில் வேகவைத்து நிறத்தை நிலைக்கச் செய்தபின், பசையை ஓடும் ஆற்றில் அலசிவிடுவது அந்நாள் வழக்கம். பசை இருந்த இடம் மெல்லிய வெண்கோடாக மிஞ்சும். பொன்னிழை இல்லாமலேயே துணி ஓவியமாகிவிட்டது.

வேறு சிலர் தடைச் சட்டத்துக்கு அடங்கினாற்போல் பழுப்பு, சாம்பல் நிறங்களிலும் நுண்கோடுகளிலும் நயம் கண்டார்கள். அந்தக் கோட்டுத் துணிகளில் நம் கரையின் பங்கும் உண்டு. சோழமண்டலக் கடற்கரையிலிருந்து கப்பலேறிய கோடிட்ட பருத்தித் துணி, சென்னை மயிலாப்பூரை ஒட்டிய சாந்தோமின் பெயராலேயே ஜப்பானில் ‘சாந்தோமே’ எனப்பட்டது. பின்னாளில் கவாகொயே நகரத்து நெசவாளர்கள் அதைப்போலவே நெய்து பெயரெடுத்தார்கள். பெயர் தெரியாத நம் நெசவாளர்களுக்கு ஜப்பானிய உடை வரலாற்றில் இப்படி ஓர் இடம் இருப்பது நினைவில் வைக்கத்தக்கது.

ஓவியத்துக்கும் இந்த உடைக்கும் இடையே எல்லைக்கோடு இருந்ததில்லை. ஓவியர் ஓகாதா கோரின் வெண்பட்டுக் கொசோதே ஒன்றில் இலையுதிர்காலப் புற்பூக்களைத் தன் கையாலேயே தீட்டினார். அது தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மனிதரே இல்லாமல், கொடியில் தொங்கும் உடைகளை மட்டும் வரைந்த மடிப்புத் திரைகளும் உண்டு. 20-ஆம் நூற்றாண்டில் சாயக் கலைஞர் குபோதா இச்சிகுவின் (1917–2003) உழைப்பு தனித்து நிற்கிறது. இருபது வயதில் அருங்காட்சியகத்தில் ‘ட்சுஜிகஹானா’ என்னும் வழக்கொழிந்த சாயக்கலையின் சிறு துண்டு ஒன்றைப் பார்த்தவர், அதை மீட்க முனைந்து, போரும் சைபீரியச் சிறைவாசமும் கடந்து, அறுபது வயதில்தான் தன் முதல் கண்காட்சியை வைத்தார். ஒன்றின் நிலக்காட்சி அடுத்ததில் தொடருமாறு 80 கிமோனோக்களில் ஒரே காட்சியைப் படைக்க எண்ணி, முடிக்குமுன் மறைந்தார்.

மெய்ஜி அரசு 1872-இல் அரசுச் சடங்குகளுக்கு மேலைநாட்டு உடையை விதித்தது. ஆண்கள் முதலில் மாறினார்கள், பெண்கள் நெடுங்காலம் மாறவில்லை. 1920-களில் செயற்கைச் சாயத்தில் பளிச்சிட்ட மலிவான மெய்சென் பட்டு, வேலைக்குப் போகும் பெண்களுக்கும் பட்டுடையைத் தந்தது. 1940-இல் போர்க்கால ஆடம்பரத் தடை வந்தது. பெண்கள் மொம்பே என்னும் தொளதொளத்த கால்சட்டைக்கு மாறினார்கள். அன்றாட உடை என்ற நிலையைக் கிமோனோ அதன்பின் முழுமையாக மீட்கவில்லை.

அதற்குள் அது மேற்கை வென்றிருந்தது. ஓவியர் மோனே 1876-இல் தம் மனைவி கமீயைச் செந்நிறக் கிமோனோவில் வரைந்தார். பால் புவாரே, மதலேன் வியோனே போன்ற பாரிஸ் வடிவமைப்பாளர்கள், இடுப்பை இறுக்காமல் தோளிலிருந்து தொங்கும் உடையை இதிலிருந்து கற்றார்கள். ஜப்பானிய வடிவமைப்பாளர் இஸ்ஸே மியாகே ஒரே துணி என்ற எண்ணத்தையே தன் வாழ்நாள் வேலையாக்கினார். 2019-இல் அமெரிக்கப் பிரபலம் கிம் கர்தாஷியன் தன் உள்ளாடை நிறுவனத்துக்குக் ‘கிமோனோ’ என்று பெயரிட்டபோது கியோட்டோ மேயரே கடிதம் எழுதி மறுத்தார், பெயர் மாற்றப்பட்டது.

இன்று இருபது வயதினர் விழாவில் நீள்கை ஃபுரிசோதே, திருமணத்தில் வெண்பட்டு, கோடை வாணவேடிக்கைக்குப் பருத்தி யுகாதா என்று கிமோனோ பெரும்பாலும் விழா உடை. பனிமேல் விரித்து வெளுக்கப்படும் எச்சிகோ ராமி நார்த் துணி 2009-லும், கையால் இழை இழுத்து நெய்யும் யூகிப் பட்டு 2010-லும் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றன. ஆனால் பட்டியல் மட்டும் நெசவாளரைக் காப்பாற்றாது. போருக்குப் பின் பெருகிய கிமோனோ உடுத்தும் பயிற்சிப் பள்ளிகள் கற்பித்த இறுக்கமான விதிகளை மரபென்று நம்பி, தவறாகக் கட்டிவிடுவோமோ என்று அஞ்சியே பலர் விலகினார்கள். எடோ நகரத்தார் இவ்வளவு விதிகளோடு உடுத்தவில்லை. பழைய கிமோனோவை மலிவாக வாங்கி, சப்பாத்தோடும் தொப்பியோடும் அணியும் இளைஞர்கள் மரபைக் கெடுக்கவில்லை. அதை மீண்டும் தெருவுக்குக் கொண்டுவருகிறார்கள்.