பவுணுக்குப் பதிலாக: கவரிங், வெள்ளி, ஒன்பது கரட்

வெள்ளவத்தையில் நடந்த ஒரு கலியாண வீட்டில் சித்தியின் கழுத்தில் தாலிக்கொடி பளபளத்தது. "கவரிங்தான், ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை" என்று காதுக்குள் சொன்னார். உண்மைக் கொடி வங்கியில் அடைவில் கிடக்கிறது.

2025 ஒக்டோபரில் செட்டியார் தெருவில் 22 கரட் பவுண் ஒன்று மூன்று இலட்சம் ரூபாய்க்கு மேல் விற்றது. இந்த விலையில் மாற்று நகை போடுவது வெட்கப்படும் விடயமல்ல. ஆனால் எங்கள் சனத்துக்கு நகை கழுத்துக்கு மட்டுமானதல்ல. இடம்பெயர்ந்தபோது மடியில் கட்டிக்கொண்டு ஓடியதும், விற்று அரிசி வாங்கியதும், வன்னியில் அடைவு வைத்து மீட்க முடியாமல் போனதும் அதுதான். ஆகவே வாங்க முன் ஒன்றைத் தீர்மானியுங்கள்: இது போட்டுக்கொள்ளவா, ஆபத்துக்கு வைத்திருக்கவா?

போட்டுக்கொள்ள மட்டும் என்றால் கவரிங் போதும். செம்பு அல்லது பித்தளையின் மேல் மின்சாரத்தால் பூசிய மெல்லிய தங்க முலாம் அது. 'ஒரு கிராம் தங்கம்' என்ற பெயரைக் கேட்டு உள்ளே ஒரு கிராம் இருப்பதாகப் பலர் நம்புகிறார்கள். கணக்குப் பாருங்கள்: 50 சதுர சென்ரிமீற்றர் பரப்புள்ள நகைக்கு ஒரு மைக்ரோன் தடிப்பில் முலாம் போட்டால் செலவாகும் தங்கம் ஏறத்தாழ 0.1 கிராம். பல கவரிங்குகளில் அந்த ஒரு மைக்ரோன்கூட இல்லை. வியர்வையும் வாசனைத் திரவியமும் பட்டால் சீக்கிரம் கறுக்கும். நிக்கல் கலந்திருந்தால் சிலருக்குத் தோல் அரிக்கும்.

எனக்குப் பிடித்தது 925 வெள்ளியில் தங்க முலாம். கவரிங்கைவிட விலை கூட. ஆனால் மங்கினால் திரும்பப் பூசலாம், முலாம் போனாலும் வெள்ளி மிஞ்சும். பொன் நிற நகையின் கொளுக்கியில் 925 என்று பொறித்திருந்தால் உள்ளே வெள்ளிதான். அதைத் தங்கமென்று சொல்லி விற்பவரிடம் நிற்க வேண்டாம்.

அடுத்தது குறைந்த கரட் தங்கம். லண்டன் உறவினர் அனுப்பும் சங்கிலிகளில் 375 என்ற முத்திரையைப் பார்த்திருப்பீர்கள். பிரித்தானியாவில் ஒன்பது கரட் சாதாரணம். எட்டுக் கிராம் சங்கிலியில் சுத்தத் தங்கம் மூன்று கிராம்தான். 22 கரட் என்றால் ஏறத்தாழ 7.3 கிராம். இது போலியல்ல, உண்மைத் தங்கமே. ஆனால் 22 கரட் என்று நினைத்து அடைவுக்குக் கொண்டுபோனால் கையில் கிடைக்கும் தொகை பாதியைத் தொடாது. கவரிங்குக்கு அதுவும் இல்லை. உரைகல்லில் தேய்த்து அமிலம் விட்டால் முலாம் காட்டிக்கொடுத்துவிடும். தெரியாமல் கொண்டுபோனவர்மீதும் மோசடிச் சந்தேகம் விழும்.

தங்கமாக எதை வாங்கினாலும் பற்றுச்சீட்டில் கரட்டையும், கல்லின் நிறை நீங்கலாகத் தங்கத்தின் நிறையையும் எழுதச் சொல்லுங்கள். சந்தேகமென்றால் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையில் தரம் பரிசோதிக்கலாம்.

சித்திக்கு நான் சொன்ன யோசனை இதுதான்: தாலியை மட்டும் 22 கரட்டில் சின்னதாகச் செய்து, கொடியை முலாம் பூசிய வெள்ளியில் எடுப்பது. கொட்டாஞ்சேனையில் தெரிந்த பத்தர் ஒருவரிடம் கூலி விசாரித்திருக்கிறார். அடைவில் இருப்பதை மீட்ட பிறகும் அதையே போடப்போகிறாராம். பஸ்ஸில் போகும்போது பயமில்லை என்கிறார்.