மணி ஏன் அடிக்கிறது?

புக்கிட் செந்தோசாவில் மின்சாமான் பழுதுபார்க்கும் கடை ஒன்று. வேலை பழகும் தம்பி, சுற்றாமல் நின்ற காற்றாடிக்குப் புதிய கெப்பாசிட்டர் மாட்டினான். "இது என்ன செய்யும் தம்பி?" என்று கேட்டேன். "தெரியாதுக்கா. இத மாத்துனா சுத்தும்" என்றான்.

சுற்றியது, உண்மைதான். மாற்றியும் சுற்றாவிட்டால்? காரணம் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் கூலி வேறுபடுவது அங்கேதான்!

கணினிக்கும் இந்தப் பாடத்தைக் கற்பிக்க முயன்றார்கள். சுவிட்சுகள் கொண்ட மின்சுற்றைத் தர்க்கத்தால் கணக்கிடலாம் என்று 1937-இல் கிளாட் ஷேனன் காட்டினார். 1977-இல் எம்.ஐ.டி.யின் ஸ்டால்மனும் சஸ்மனும், மின்சுற்றை ஆராய்ந்து ஒவ்வொரு முடிவுக்கும் காரணத்தைக் குறித்து வைக்கும் நிரலை விளக்கினர். ஒரு பாகம் எதற்காக அங்கே இருக்கிறது என்று கணினியே ஊகிக்கும் வழியை 1979-இல் ஜோஹன் டி கிளியர் ஆராய்ந்தார்.

"சுவிட்சை மூடினால் மின்சாரம் பாயும்" என்கிறோம். பேட்டரி இல்லாவிட்டால்? பாயாது! ஆகவே, பாகத்தின் இயல்பைச் சொல்லும்போது முழுச் சாதனத்தையும் மனத்தில் வைத்துச் சொல்லக்கூடாது என்று டி கிளியரும் ஜான் சீலி பிரவுனும் 1984-இல் எழுதினர்.

இயல்பு ஒன்று, பயன் வேறு. காற்றாடியில் கெப்பாசிட்டர், ஒரு சுருளின் மின்னோட்டத்தை நேரம் தள்ளிவிட்டு மோட்டாருக்கு உந்துதல் தருகிறது. வானொலியின் மின்வழங்கியிலோ மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்கிறது. பொருள் அதே வகை. இடம் மாறினால் வேலை மாறுகிறது.

இந்தப் 'பயனை' கணினிக்குப் புரியவைக்க முனைந்தவர்களில் ஒருவர் நம் தமிழர் என்பது பெருமைக்குரியது. லால்குடியில் பிறந்து அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பி. சந்திரசேகரன், வி. செம்புகமூர்த்தியுடன் 1986-இல் வெளியிட்ட ஆய்வில் எடுத்துக்காட்டாக வந்தது, வீட்டு மின்மணி!

பொத்தானை அழுத்தினால் சுருளில் மின்சாரம் பாயும். சுருள் காந்தமாகும். காந்தம் தகட்டை இழுக்கும். தொடர்பு அறும், காந்தம் போகும், தகடு திரும்பும். மீண்டும் தொடக்கம். ஒவ்வொரு படிக்கும் எந்தப் பாகம் பொறுப்பு என்று எழுதிவிட்டால், மணி அடிக்காதபோது எந்தப் படி நடக்கவில்லை என்று பார்த்தே பழுதைக் கண்டுபிடிக்கலாம்.

கணினிக்கே 'ஏன்' என்று சொல்லிக் கொடுக்க இத்தனை ஆண்டுகள் உழைத்திருக்கிறார்கள். தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்களில் ஸ்குருடிரைவரோடு பிழைப்பைத் தொடங்கும் பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்கள் 'ஏன்' என்று கேட்டால் மட்டும், "பேசாம வேலையப் பாரு" என்று அடக்கலாமா? சிந்திப்போம் நேயர்களே!