தமிழ் வழியில் படித்து ஐடிஐ செல்லும் கேரள எல்லை மாணவர்கள்: மொழி, சான்றிதழ், வேலைவாய்ப்பு குறித்து அறிய வேண்டியவை

பாலக்காடு: கேரளத்தின் பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்திலும், இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்களிலும் தமிழ் வழியில் பயில அரசுப் பள்ளிகள் உள்ளன. எஸ்எஸ்எல்சி தேர்வைத் தமிழிலேயே எழுதிவிட்டு ஐடிஐ அல்லது பாலிடெக்னிக்கில் சேரும் மாணவர், முதல் வாரத்திலேயே மொழிச் சிக்கலை எதிர்கொள்கிறார். பள்ளியில் அவர் 'மின்தடை' என்று படித்ததை ஆசிரியர் மலையாளத்தில் 'பிரதிரோதம்' என்கிறார். பட்டறையில் உள்ள மீட்டரிலோ அது 'ரெசிஸ்டன்ஸ்'. மூன்றும் ஒன்றே என்று புரிவதற்குள் பாடம் அடுத்த அலகுக்குச் சென்றுவிடுகிறது. பாடம் புரியாததை மாணவரின் திறமைக் குறைவாகக் கருதிவிடுவதே இதில் உள்ள பெரிய ஆபத்து.

தமிழில் பாடநூல் உண்டு

இதற்குத் தீர்வு கைக்கெட்டும் தொலைவில் இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. ஐடிஐக்களில் நடைபெறும் கைவினைஞர் பயிற்சித் திட்டம் 1950-ஆம் ஆண்டு மத்திய அரசால் தொடங்கப்பட்டது. ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், வெல்டர் உள்ளிட்ட தொழிற்பிரிவுகளுக்கு நாடு முழுவதும் ஒரே பாடத்திட்டம். அதற்கான நூல்களைத் தயாரிப்பது சென்னை கிண்டியில் உள்ள தேசிய பயிற்சிக் கருவிகள் நிறுவனம், சுருக்கமாக 'நிமி'. ஜெர்மனி அரசின் உதவியுடன் 1986-இல் உருவான இந்நிறுவனம், முக்கியத் தொழிற்பிரிவுகளின் நூல்களைத் தமிழ், மலையாளம் உள்ளிட்ட மொழிகளில் வெளியிடுகிறது. பாடத்திட்டம் பொதுவானது என்பதால், தமிழ்நாட்டு ஐடிஐ மாணவர்களுக்காக அச்சான தமிழ் நூலை மலம்புழா அரசு ஐடிஐயிலோ கட்டப்பனை அரசு ஐடிஐயிலோ பயிலும் மாணவரும் பயன்படுத்தலாம். மத்திய அரசின் 'பாரத் ஸ்கில்ஸ்' இணையதளத்தில் பாடத்திட்டங்களும் வினா வங்கிகளும் இலவசமாகக் கிடைக்கின்றன.

பாலிடெக்னிக்கில் நிலைமை வேறு. அங்கு பயிற்று மொழி ஆங்கிலம். ஆனால் பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டு ஐடிஐ முடித்தவர்கள், டிப்ளமோவின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர வழி உண்டு. தொழிற்சொற்களைப் பட்டறையில் பழகிய பிறகு டிப்ளமோவுக்குச் செல்வது தமிழ் வழி மாணவருக்கு எளிதாகவே இருக்கும்.

எந்தச் சான்றிதழ்?

சேரும் முன் கவனிக்க வேண்டிய மற்றொன்று, தொழிற்பிரிவின் அங்கீகாரம். தேசிய அளவில் இணைவு பெற்ற பிரிவுகளில் தேர்ச்சி பெறுவோருக்குத் தேசியத் தொழிற்சான்றிதழ் வழங்கப்படுகிறது. மாநிலக் கவுன்சில் வழங்கும் சான்றிதழ் வேறு. கோவைத் தொழிற்சாலைகளை நோக்கிச் செல்லக்கூடிய எல்லைப்பகுதி மாணவர்களுக்கு முதலாவதே பாதுகாப்பானது. தனியார் ஐடிஐயில் பணம் கட்டுவதற்கு முன், நிறுவனத்துக்கு மட்டுமின்றித் தாம் சேரும் பிரிவுக்கும் இணைவு உள்ளதா என்று பார்ப்பது அவசியம்.

சித்தூருக்கு அருகில் கஞ்சிக்கோடு

வாளையாறு சோதனைச்சாவடியை ஒட்டிய கஞ்சிக்கோடு கேரளத்தின் முக்கியத் தொழிற்பகுதிகளில் ஒன்று. பெமல், இன்ஸ்ட்ருமென்டேஷன் லிமிடெட் போன்ற நிறுவனங்கள் இங்கு இயங்குகின்றன. தொழில் பழகுநர் சட்டம், 1961-இன்படி 30 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்களைக் கொண்ட நிறுவனங்கள், பணியாளர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களைச் சேர்த்தாக வேண்டும். ஐடிஐ முடித்தவர் இதைக் கேட்டுப் பெறலாம்.

இதற்கிடையே 2024 ஆகஸ்ட் 28-ஆம் தேதி மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த 12 தொழில் நகரங்களில் பாலக்காடும் ஒன்று. 1,710 ஏக்கரில், 3,806 கோடி ரூபாயில் அமையவுள்ள இத்திட்டத்தால் சுமார் 51 ஆயிரம் வேலைவாய்ப்புகள் உருவாகும் என மத்திய அரசு மதிப்பிட்டுள்ளது. திட்டப்பகுதியான புதுசேரி, சித்தூர் வட்டத் தமிழ்க் கிராமங்களுக்கு வெகுதொலைவில் இல்லை. கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி இளைஞர்கள் அங்கு ஃபிட்டர்களாக நுழைவார்களா, சுமை தூக்குபவர்களாக நுழைவார்களா என்பதை இப்போது ஐடிஐயில் சேரும் எண்ணிக்கைதான் தீர்மானிக்கும்.

தேவிகுளத்தில் வீடும் ஒரு கேள்வி

இடுக்கியின் தேயிலைத் தோட்டங்களில் சிக்கல் மொழியோடு நிற்பதில்லை. தொழிலாளர்கள் வசிக்கும் லயங்கள் நிறுவனத்துக்குச் சொந்தமானவை. குடும்பத்தில் ஒருவரும் தோட்டத்தில் பணியில் இல்லையெனில், ஓய்வுக்குப் பின் வீட்டைக் காலி செய்ய வேண்டிய நிலை வரும். எனவே மகனை இரண்டு ஆண்டுகள் கட்டப்பனைக்கு அனுப்புவதா, தோட்டத்தில் பெயர் கொடுப்பதா என்ற கேள்வி, படிப்பைப் பற்றியது மட்டுமன்று. இதைக் கணக்கில் கொள்ளாத எந்தத் திறன் பயிற்சித் திட்டமும் லயத்து வாசலைத் தாண்டி உள்ளே வராது.

இட ஒதுக்கீட்டிலும் இதே இடர்ப்பாடு. பட்டியல் சாதியினருக்கான குடியரசுத் தலைவர் ஆணை 1950 ஆகஸ்ட் 10-ஆம் தேதி வெளியானது. அத்தேதிக்குப் பின் வேறு மாநிலத்திலிருந்து குடியேறியோர், புதிய மாநிலத்தின் ஒதுக்கீட்டைக் கோர முடியாது. உச்ச நீதிமன்றமும் 1990-ஆம் ஆண்டு மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில், ஒரு மாநிலத்தின் பட்டியல் சாதித் தகுதி மற்றொரு மாநிலத்துக்குத் தானாக மாறாது என்று தீர்ப்பளித்தது. பல தலைமுறைகளாக மூணாறில் வாழ்ந்தாலும், லயத்தில் பிறந்தவரிடம் நிலப்பட்டா இருப்பதில்லை. கேரளத்தில் பட்டியல் சாதியினர் மேம்பாட்டுத் துறை தனியாகவே ஐடிஐக்களை நடத்தும் நிலையில், சாதிச் சான்றிதழ் இல்லாததால் ஏற்படும் இழப்பு சிறியதன்று.

பள்ளிப் பதிவேடு, தோட்ட நிர்வாகத்திடம் உள்ள பாட்டன், தந்தை ஆகியோரின் பணிப்பதிவு ஆகியவற்றைத் திரட்டி, எஸ்எஸ்எல்சி முடிவுக்குக் காத்திராமல் அக்ஷயா மையம் வழியாகச் சான்றிதழுக்கு விண்ணப்பிப்பது நல்லது. விளக்கம் கேட்டு வருவாய்த் துறை அலுவலகத்துக்குக் கடிதம் எழுத நேர்ந்தால் தமிழிலேயே எழுதலாம். கேரள ஆட்சிமொழிச் சட்டம், 1969-இன்படி, தமிழ்ச் சிறுபான்மையினர் வாழும் பகுதிகளில் அதற்கான பதிலையும் தமிழில் பெற அவர்களுக்கு உரிமை உண்டு.